அறுவை அரங்கின் வாசலில் அழும் குழந்தை: அச்சத்தைத் தணிக்குமா மெய்நிகர் கண்ணாடி?

திருப்பதி: அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தையை நோயைவிட அதிகமாக அச்சுறுத்துவது, தாயின் கையிலிருந்து பிரித்து அரங்குக்குள் அழைத்துச் செல்லும் அந்தச் சில நிமிடங்கள்தான். பச்சை உடையும் முகக்கவசமும் அணிந்த அந்நியர்கள், கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, மூக்கின் மீது வைக்கப்படும் ரப்பர் வாடை வீசும் முகமூடி என ஒவ்வொன்றும் அதற்குப் புதிது. இந்த அச்சத்தைக் குறைக்க, முப்பரிமாணக் காட்சிகளைக் கண்ணெதிரே விரிக்கும் 'விஆர்' எனப்படும் மெய்நிகர் கண்ணாடியைப் பயன்படுத்தும் முறை கடந்த பத்து ஆண்டுகளில் பல நாடுகளில் சோதிக்கப்பட்டுள்ளது. அதன் முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை.

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களுக்கு இந்த விவாதம் தொலைவில் உள்ளதன்று. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மையத்தை 2021 அக்டோபர் 11 அன்று அப்போதைய முதலமைச்சர் ஒய்.எஸ். ஜெகன் மோகன் ரெட்டி திறந்து வைத்தார். அலிபிரியில் குழந்தைகளுக்கென 350 படுக்கைகள் கொண்ட உயர் சிறப்பு மருத்துவமனைக்கு 2022 மே 5 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கை, கால் குறைபாடுகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் 'பர்ட்' மருத்துவமனை, ஸ்விம்ஸ், ரூயா அரசு மருத்துவமனை ஆகியவையும் இதே நகரில் உள்ளன. ராயலசீமையின் மாவட்டங்களிலிருந்தும் தமிழக எல்லையோர ஊர்களிலிருந்தும் பெற்றோர் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இங்கு வருகின்றனர்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறப்பதாக மருத்துவ ஆய்விதழ்கள் மதிப்பிடுகின்றன. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை தேவைப்படும். இத்தகைய குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு அழுகை என்பது வெறும் அழுகையன்று.

அழுகை ஆபத்தாக மாறும் இடம்

பிரான்ஸின் மார்சேய் நகர மருத்துவர் ஆர்தர் ஃபாலோ 1888இல் விரிவாக விளக்கிய ஓர் இதயக் குறைபாடு இன்றும் அவர் பெயராலேயே 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்று அழைக்கப்படுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும் இதய நோய்களில் இதுவே மிகப் பரவலானது. இக்குழந்தைகளின் இதயத்தில் கீழறைகள் இரண்டுக்கும் இடையே ஓட்டை இருக்கும். நுரையீரலுக்கு ரத்தம் செல்லும் வழியும் குறுகியிருக்கும்.

குழந்தை அமைதியாக இருக்கும்வரை அந்தக் குறுகிய வழியாக ஓரளவு ரத்தம் நுரையீரலுக்குச் சென்று ஆக்சிஜனைப் பெற்றுத் திரும்பும். குழந்தை பயந்து வீறிட்டு அழத் தொடங்கினால் அந்த வழியைச் சூழ்ந்துள்ள தசை மேலும் இறுகக்கூடும். அப்போது ஆக்சிஜன் இல்லாத ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல், ஓட்டை வழியாக நேரே உடலுக்குள் பாய்ந்துவிடும். உடல் நீலமாகும்; மூச்சு வேகமாகும்; வேகமான மூச்சு நிலையை மேலும் மோசமாக்கும். சில குழந்தைகள் நினைவிழப்பதும் உண்டு. இதை மருத்துவர்கள் 'ஸ்பெல்' என்கின்றனர். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரெனக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இளைப்பாறுவதை இத்தகைய குழந்தைகளின் தாய்மார் கவனித்திருப்பார்கள். அந்த நிலையில் கால்களின் ரத்தக்குழாய்கள் அழுத்தப்படுவதால் நுரையீரலுக்குச் செல்லும் ரத்தம் சற்றுக் கூடுகிறது. எந்த மருத்துவரும் சொல்லிக்கொடுக்காமல் குழந்தையின் உடல் தானே கண்டுபிடித்த வைத்தியம் இது.

நீண்ட நேரம் பட்டினி கிடந்து உடலில் நீர்ச்சத்து குறைவதும் இதே 'ஸ்பெல்'லைத் தூண்டும். ஆகவே இதய அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையின் அருகே பசி, பயம், அழுகை மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் காலை நேரம் மயக்கவியல் மருத்துவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கைக்குரியது. குழந்தையை அழாமல் வைத்திருப்பதை யாரும் கொஞ்சலாகக் கருதுவதில்லை. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

பயத்துக்கு ஓர் அளவுகோல்

இதயம் நலமாக உள்ள குழந்தைகளுக்கும் இந்த அச்சம் விலையில்லாமல் போவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் லெவி, அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைகளிடம் தோன்றும் இரவு அலறல், இருட்டைக் கண்டு அஞ்சுதல், பிடிவாதம் ஆகியவற்றைப் பதிவுசெய்து 1945இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு அது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களின் மன பாதிப்போடு அவர் இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் எடுத்த ஆவணப்படம், மருத்துவமனையில் தாயைப் பிரிந்து கிடக்கும் இரண்டு வயதுச் சிறுமியின் துயரை அப்படியே காட்டியது. பார்வையாளர் நேரம் தவிர மற்ற நேரத்தில் பெற்றோருக்கு அனுமதியில்லை என்பதே அன்றைய வழக்கம். அந்த வழக்கத்தைத் தளர்த்துமாறு 1959இல் அந்நாட்டின் பிளாட் குழு பரிந்துரைத்தது.

பயத்தை எண்ணால் அளக்கும் வழி 1990களில்தான் உருவானது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் ஜீவ் கேனும் அவரது குழுவினரும் வகுத்த அளவுகோலில், குழந்தையின் அசைவு, குரல், முகத்தில் தெரியும் உணர்ச்சி, சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் விதம், பெற்றோரைப் பற்றிக்கொள்ளும் விதம் என ஐந்து கூறுகள் கவனிக்கப்படுகின்றன. மிகக் குறைந்த மதிப்பெண் ஏறத்தாழ 23; மிக அதிகம் 100. பொதுவாக 30ஐத் தாண்டினால் குழந்தை பதற்றத்தில் உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. குழந்தையிடம் கேள்வி எதுவும் கேட்கத் தேவையில்லை என்பதே இதன் வசதி. பேச்சு வராத சிறு வயதுக்கும் இது பொருந்தும்.

இதே குழுவினர் டான்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 5 முதல் 12 வயது வரையிலான 241 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுவைக்கு முன் அதிகம் பயந்த குழந்தைகளுக்குப் பின்னர் வலி அதிகமாக இருந்தது, வீடு திரும்பிய பிறகும் அவர்களுக்கு வலிநிவாரணி கூடுதலாகத் தேவைப்பட்டது, தூக்கமும் கெட்டது. மயக்கம் தெளியும்போது தாயைக்கூட அடையாளம் தெரியாமல் கை கால் உதறிக் கத்தும் நிலை, அச்சம் குறைவாக இருந்த குழந்தைகளில் 1.5 விழுக்காட்டினருக்கு மட்டுமே ஏற்பட்டது. அதிகம் அஞ்சியவர்களில் அது 9.7 விழுக்காடாக இருந்தது.

இனிப்பு மருந்தும் அம்மாவின் கையும்

இப்போது பெரும்பாலான மருத்துவமனைகள் நம்பியிருப்பது மிடசோலம் என்னும் மருந்தை. அரங்குக்குள் கொண்டுசெல்வதற்கு 20 முதல் 30 நிமிடங்களுக்கு முன் வாய்வழியாக இது கொடுக்கப்படுகிறது. இயல்பில் கசக்கும் இம்மருந்தை இனிப்புக் கலந்து புகட்டுவார்கள். அப்படியும் துப்பிவிடும் குழந்தைகள் உண்டு. உள்ளே போனால் நன்றாகவே வேலை செய்கிறது. குழந்தை லேசான போதையில் சிரித்தபடி செவிலியர் தோளில் சாய்ந்துவிடும். ஆனால் மூச்சின் வேகம் குறையக்கூடும் என்பதால் கண்காணிப்பு தேவை. மயக்கம் தெளியத் தாமதமாகலாம். சில குழந்தைகளுக்கு எதிர்மாறாக எரிச்சலும் ஆவேசமும் கூடுகின்றன.

தாய் அல்லது தந்தையை அரங்குக்குள் உடன் அனுமதிப்பது மற்றொரு வழி. கேட்பதற்கு இதுவே சரியானது எனத் தோன்றும். ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. 28 ஆய்வுகளில் பங்கேற்ற 2,681 குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, பெற்றோர் உடனிருப்பது மட்டுமே குழந்தையின் பதற்றத்தைக் குறைத்துவிடுவதில்லை எனக் கண்டது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நடுங்கும் கையால் பற்றியிருக்கும் தாயின் முகத்தைத்தான் குழந்தை முதலில் பார்க்கிறது. அதே மதிப்பாய்வு கோமாளி மருத்துவர்கள், கையடக்க வீடியோ விளையாட்டு, கார்ட்டூன் படம் ஆகியவை பயன்தரக்கூடும் எனக் குறிப்பிட்டது. மெய்நிகர் கண்ணாடியின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

பனி உலகிலிருந்து பெங்குயின் வரை

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் 1990களின் பிற்பகுதியில் தீக்காய நோயாளிகளுக்கென 'ஸ்னோவேர்ல்டு' என்ற மெய்நிகர் விளையாட்டை உருவாக்கினர். காயத்தைச் சுத்தம் செய்யும் வேளையில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பனிமனிதர்கள் மீது பனிக்கட்டிகளை எறிவார். மூளை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. கண்ணையும் காதையும் வேறோர் உலகம் நிரப்பிவிட்டால் வலிக்கு மிஞ்சும் கவனம் குறைந்துவிடும் என்பது இதன் அடிப்படை.

கவனத்தைத் திசைதிருப்பும் இந்த உத்தியை ஆந்திர மக்கள் வேறு வடிவில் அறிவார்கள். 2017இல் குண்டூரில் மூளை அறுவை சிகிச்சையின்போது விழித்திருக்க வேண்டியிருந்த ஒரு பெண்ணுக்கு மருத்துவர்கள் 'பாகுபலி 2' படத்தைத் திரையிட்டனர். 2024இல் காக்கிநாடா அரசு மருத்துவமனையில் இதேபோன்ற சிகிச்சையின்போது ஜூனியர் என்.டி.ஆரின் 'அதுர்ஸ்' படம் காட்டப்பட்டது. இரு செய்திகளும் அப்போது பரவலாகப் பகிரப்பட்டன. அவர்கள் பெரியவர்கள், என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். குழந்தையின் சிக்கல் வேறு. அதற்கு வலியைவிட, அடுத்து என்ன நடக்கும் எனத் தெரியாமையே பெரும் பயம்.

இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தவர்கள் தென்கொரிய மருத்துவர்கள். சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் புன்டாங் மருத்துவமனையில், 4 முதல் 10 வயது வரையிலான 69 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் வாய்மொழியாக விளக்கம் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் மெய்நிகர் கண்ணாடியில் நான்கு நிமிடக் காட்சியைப் பார்த்தனர். அந்நாட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்த 'போரோரோ' என்ற குட்டிப் பெங்குயின், அறுவை அரங்கில் என்ன நடக்கும் என்பதை அவர்களுக்குச் சுற்றிக் காட்டியது. யேல் அளவுகோலில் விளக்கம் மட்டும் கேட்டவர்களின் இடைநிலை மதிப்பெண் 51.7, காட்சியைப் பார்த்தவர்களின் மதிப்பெண் 31.7. முகமூடியை வைக்கும்போது இரண்டாம் பிரிவினரே அதிகம் ஒத்துழைத்தனர்.

அரங்கைக் காட்டும் நான்கு நிமிடப் படம் இவ்வளவு வேலை செய்யுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. இங்குக் கவனிக்க வேண்டியது, குழந்தை வேறோர் உலகத்துக்குக் கடத்தப்படவில்லை என்பதுதான். தான் போகப்போகும் அதே அரங்குக்கு, தனக்குப் பிடித்த துணையோடு ஒருமுறை ஒத்திகை போய்வந்தது. பிறகு உண்மையான அரங்கினுள் நுழைந்தபோது அது முற்றிலும் அந்நிய இடமாக இருக்கவில்லை. இதே குழுவினர் பின்னர், குழந்தை பார்க்கும் காட்சியைப் பெற்றோரும் ஒரு திரையில் உடன் பார்க்கும் வகையில் 80 குழந்தைகளிடம் மற்றோர் ஆய்வு நடத்தினர். அச்சம் மேலும் குறைந்தது. அம்மாவும் அப்பாவும் தன்னைப்போலவே அந்த அறையைப் பார்த்துவிட்டார்கள் என்பது குழந்தைக்குத் தெரிந்தால் அது ஒரு தெம்பு.

எனினும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள சோபியா குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்த முடிவு வேறு. 4 முதல் 12 வயது வரையிலான 191 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், மெய்நிகர் அரங்கைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் பதற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2019இல் தெரிவிக்கப்பட்டது. ஆனால் டான்சில் அல்லது அடினாய்டு அறுவை செய்துகொண்டவர்களில் கூடுதல் வலிநிவாரணி தேவைப்பட்டவர்கள், கண்ணாடி பயன்படுத்திய பிரிவில் 55 விழுக்காடு. பயன்படுத்தாத பிரிவில் 95.7 விழுக்காடு. இந்த வேறுபாடு சிறியதன்று. குழந்தைகளை ஏற்கெனவே நன்கு தயார்படுத்தும் மருத்துவமனையில் கருவியால் கூடும் பயன் குறைவாகத் தெரியலாம்; நெரிசல் மிகுந்த, விளக்கிச் சொல்ல ஆளில்லாத மருத்துவமனையில் அது அதிகமாகத் தெரியலாம். இந்திய அரசு மருத்துவமனைகளின் நிலையை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கதாகத் தோன்றாது.

இந்தியாவில் இவ்வகை ஆய்வுகள் பல் மருத்துவத்தில் நடந்துள்ளன. மங்களூருவில் 5 முதல் 8 வயது வரையிலான 120 குழந்தைகளிடம் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பல் சிகிச்சையின்போது மெய்நிகர் கண்ணாடி அணிந்தவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. உமிழ்நீரில் உள்ள கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனையும் ஆய்வாளர்கள் அளந்தனர், அதுவும் குறைந்திருந்தது. குழந்தை பயப்படவில்லை என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வது ஒன்று. அதன் உடலே அவ்வாறு காட்டுவது வேறு.

எந்த மொழியில் பேசும் அந்தப் பொம்மை?

தொழில்நுட்பத்துக்குச் சித்தூர் மண் புதிதன்று. சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா, அப்போலோ மருத்துவமனைகளின் நிறுவனர் பிரதாப் சி. ரெட்டி பிறந்த ஊர். அங்கு இஸ்ரோவின் உதவியோடு அமைக்கப்பட்ட செயற்கைக்கோள் வழித் தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச் 24 அன்று, ஐதராபாத் வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். இந்தியக் கிராமத்தின் நோயாளி ஒருவர் நகரத்து நிபுணரைத் திரையில் காண்பது அன்று வியப்பு; இன்று அது வழக்கம்.

எனவே கருவி வந்து சேருவது பெரிய தடையன்று. அதில் ஓடும் படம்தான் கேள்வி. தென்கொரியக் குழந்தைக்குப் போரோரோ பேசியது அதன் தாய்மொழியில். திருப்பதிக்கு வரும் குழந்தைக்கு ஆங்கிலம் பேசும் நீலக்கண் கரடியைக் காட்டினால் அது வேடிக்கை பார்க்கும். ஆனால் 'இந்த முகமூடியில் மூச்சை இழுத்து விடு' என்பதைப் புரிந்துகொள்ளாது. இந்த வட்டாரத்தில் மொழி ஒன்றல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டபோது சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. கோடு வரையப்பட்டது வரைபடத்தில், வீடுகளில் அல்ல. நகரி, சத்யவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் கணிசமாக உள்ளன. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் குழந்தை, பயந்துவிட்டால் வீட்டு மொழிக்குத்தான் திரும்பும். செவிலியர் தெலுங்கில் ஆறுதல் சொல்ல, குழந்தை தமிழில் 'அம்மாகிட்ட போறேன்' என்று அழுவது இங்கு நடக்கக்கூடியதே. படத்தில் பேசும் துணைக்கு இரு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

நல்வாய்ப்பாக, அதற்கான ஆட்களும் பக்கத்திலேயே உள்ளனர். 2008இல் தொலைக்காட்சிக்கு வந்து இந்தியக் குழந்தைகளின் அன்பைப் பெற்ற 'சோட்டா பீம்' ஐதராபாத்தில் உருவானவன். சென்னை ஐஐடியில் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கென்றே பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் 'எக்ஸ்டிஐசி' என்ற ஆய்வு மையம் இயங்குகிறது. நான்கு நிமிடப் படத்துக்குத் தேவையானவை சுற்றிலும் படம்பிடிக்கும் 360 பாகைக் கேமரா ஒன்று, அந்தந்த மருத்துவமனையின் உண்மையான அரங்கு, குழந்தைக்குப் புரியும் வசனம். மருத்துவமனைக்கு மருத்துவமனை கதவும் விளக்கும் உடையின் நிறமும் மாறும் என்பதால், வெளிநாட்டில் எடுத்த படத்தை வாங்கி ஓட்டுவதில் பாதிப் பயன் போய்விடும்.

கண்ணாடி பொருந்தாத வயது

இதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். பிறவி இதய அறுவை சிகிச்சைகளில் பெரும் பங்கு கைக்குழந்தைப் பருவத்திலேயே நடக்கிறது. ஆய்வுகள் பெரும்பாலும் 4 வயதுக்கு மேற்பட்டவர்களிடமே நடத்தப்பட்டவை; ஒன்று முதல் நான்கு வயது வரையிலான, பிரிவுத் துயர் மிக அதிகமாக இருக்கும் பருவத்துக்கு இக்கருவி உதவாது. அந்தச் சிறிய தலையில் அரை கிலோ எடையுள்ள கண்ணாடி நிற்கவும் நிற்காது. அவர்களுக்கு மருந்தும் தாயின் மடியும்தான். தாமதமாகக் கண்டறியப்பட்டு ஐந்து, ஆறு வயதுக்குமேல் அறுவைக்கு வரும் குழந்தைகள் நம் நாட்டில் குறைவில்லை. காது மூக்கு தொண்டை, எலும்பு, குடலிறக்கம் போன்ற சிகிச்சைக்கு வரும் குழந்தைகளும் பலர். கண்ணாடியின் பயன் இவர்களுக்கு.

மேலும், சோல் ஆய்வில் பங்கேற்றவர்கள் கடுமையான உடல்நலக் குறைவு இல்லாத குழந்தைகள். நீலம் பாரிக்கும் இதய நோயாளிக் குழந்தைக்கு அந்த 20 மதிப்பெண் வேறுபாடு அப்படியே கிடைக்கும் எனக் கொள்ள முடியாது. அவர்களுக்குக் கண்ணாடி மருந்துக்கு மாற்றாகாது. உடன் நிற்கும் துணையாகலாம். கண்ணாடி அணிந்திருக்கும்போதும் உதட்டின் நிறத்தையும் விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவியையும் யாரேனும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் ஆலோசனையின்றி இதை அணிவிக்கக் கூடாது. தலைசுற்றலும் குமட்டலும் சிலருக்கு வரும்; வெறும் வயிற்றோடு இருக்கும் குழந்தைக்கு வேகமாகச் சுழலும் காட்சிகளைத் தவிர்ப்பது நல்லது. வீட்டுப் பயன்பாட்டுக்கு மெட்டா நிறுவனம் வைத்திருந்த 13 என்ற வயது வரம்பு 2023இல்தான் பெற்றோர் மேற்பார்வையுடன் 10 ஆகக் குறைக்கப்பட்டது. மருத்துவமனையில் சில நிமிடங்கள், கண்காணிப்பில் பயன்படுத்துவது இதிலிருந்து வேறானது என்றாலும் பெற்றோர் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டும்.

தூய்மை இன்னொரு கவலை. ஒரு குழந்தையின் வியர்வையும் கண்ணீரும் பட்ட பஞ்சு விளிம்பை அடுத்த குழந்தையின் முகத்தில் வைக்க முடியாது. துடைக்கக்கூடிய சிலிக்கான் உறையும், ஒவ்வொருவருக்கும் புதிய முகத்துணியும் தேவை. இதய அறுவைக்குச் செல்லும் குழந்தைக்குச் சாதாரணச் சளித்தொற்றே அறுவையைத் தள்ளிப்போடப் போதுமானது.

விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் இதே கருத்தைச் செயல்படுத்தலாம். கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய அட்டைக் கண்ணாடியில் ஒரு கைபேசியைச் செருகினால் 360 பாகைக் காட்சி கிடைக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழந்தைகள் மருத்துவமனையில் 'சாரியட்' என்ற குழுவினர் கண்ணாடியே இல்லாமல், தள்ளுவண்டிப் படுக்கையில் சிறு புரொஜெக்டரும் திரையும் பொருத்தினர். குழந்தை தனக்குப் பிடித்த பாட்டைப் பார்த்தபடியே அரங்குக்குள் உருண்டு செல்கிறது. பெற்றோரின் முகமும் அதற்கு மறைவதில்லை. சிறு வயதினருக்கு இது கண்ணாடியைவிடப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

வீட்டிலேயே தொடங்கலாம்

மருத்துவமனையில் எந்தக் கருவியும் இல்லாவிட்டாலும் பெற்றோர் செய்யக்கூடியவை உள்ளன. எப்போது சொல்வது என்பதில் வயது முக்கியம். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் அறுவைக்கு ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு முன்பே சொல்லி, கேள்வி கேட்க இடம் கொடுப்பது நல்லது. முதல் நாள் இரவில் சொன்னால் அதன் பதற்றம் கூடுவதை யேல் குழுவினர் கண்டனர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு வாரம் என்பது எல்லையற்ற காலம். அதனிடம் ஓரிரு நாள்களுக்கு முன் சொன்னால் போதும்.

'ஊசியே போடமாட்டார்கள்', 'சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம்' என்பன போன்ற வாக்குறுதிகள் வேண்டாம். முதல் ஊசியிலேயே அவை பொய்யாகிவிடும். அதன்பின் யார் சொல்வதையும் குழந்தை நம்பாது. 'கொஞ்ச நேரம் வலிக்கும், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன், கண் விழிக்கும்போது வந்துவிடுவேன்' என்று சொல்வது மேல். 'தூங்க வைப்பார்கள்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. தாத்தா தூங்கிவிட்டார் என்று சாவைப் பற்றிக் கேட்ட குழந்தைக்கு அச்சொல் வேறு பொருள் தரும். 'மருந்தால் வரும் தூக்கம், மருத்துவர் எழுப்பிவிடுவார்' எனச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உணவு விதியையும் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்வது அவசியம். திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மங்களுக்கு 2 என்பது நெடுங்கால வழக்கம். தெளிந்த நீர்மத்தை ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை தரலாம் என ஐரோப்பிய மயக்கவியல் அமைப்பு 2022இல் விதியைத் தளர்த்தியது. எது பொருந்தும் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரே சொல்ல வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று முந்தைய இரவிலிருந்தே தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பது, குறிப்பாக நீலம் பாரிக்கும் குழந்தைக்கு, தீங்காக முடியும்.

திருப்பதி கடைத்தெருவில் செம்மரத்தில் செய்த மரப்பாச்சி பொம்மைகள் கிடைக்கின்றன. நவராத்திரிக் கொலுவுக்காகத் தமிழக வீடுகளுக்கு நெடுங்காலமாகப் போய்ச் சேருபவை அவை. மருத்துவமனையிலிருந்து ஒரு பழைய முகமூடியைக் கேட்டு வாங்கி, அந்தப் பொம்மைக்குக் குழந்தையே அணிவித்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி மூச்சு விடச் செய்து விளையாட விடலாம். மறுநாள் அரங்கின் வாசலில் அதே முகமூடி தன்னிடம் வரும்போது, எண்ண வேண்டியது எதுவரை என்று குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.